தரை போடும் முன் கேட்கிறேன்: வாட்டர் வாஷ் வைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை (அனுமதி உத்தரவு) வேண்டுமா?

ஒட்டன்சத்திரம்_டிப்ளமா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகள் கோயம்புத்தூரில் ஒரு கார் டீலரிடம் மெக்கானிக்காகவும் பிறகு சூப்பர்வைசராகவும் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் சாலையில் 14 சென்ட் இடம் ஒன்பது ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தது. அதில் வாகன சர்வீஸ் பட்டறை வைக்கப்போகிறேன். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் மினி லாரிகள், வேன்கள், அக்கம்பக்கத்துக் கார்கள், இவைதான் என் வாடிக்கையாக இருக்கும். லிஃப்ட் இரண்டு, வாட்டர் வாஷ் ஒன்று, பழைய 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்று. பெயின்ட் வேலை இப்போதைக்கு இல்லை. ஆழ்துளைக் கிணறு 640 அடி; தண்ணீர் சுமார்தான். இடத்துக்குப் பின்னால் ஒருவருடைய முருங்கைத் தோட்டம், அதைத் தாண்டி ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில்தான் அதில் தண்ணீரைப் பார்க்கலாம்.

சிக்கல் இதுதான். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் கடனுக்குப் போட்டிருக்கிறேன். வங்கி மேலாளர், "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பேப்பர் ஒன்று வேண்டும்" என்கிறார். எந்தப் பேப்பர் என்று கேட்டால், "அதுதான், எல்லோரும் கொண்டுவருவார்களே, அது" என்கிறார். ஊராட்சியில் தொழில் உரிமம் கேட்கப் போனேன். அங்கேயும் அதே பேப்பரைக் கேட்டார்கள். தெரிந்தவர் வழியாக ஒரு ஏஜென்ட் கிடைத்தார். 65,000 ரூபாய் கேட்கிறார். "முதலில் கட்டி முடியுங்கள், வண்டிகள் வரட்டும். நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என்று இரண்டு தடவை எதற்கு அலைய வேண்டும்? எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவையாக வாங்கித் தருகிறேன்" என்று சொல்கிறார்.

என் மாமா வேறு, "உத்யம் என்ற சிறுதொழில் பதிவு எடுத்துவிட்டாயே, அதற்குமேல் என்ன கேட்பார்கள்?" என்கிறார். உத்யம் பதிவை வீட்டிலிருந்தே அரை மணி நேரத்தில் முடித்தேன், கட்டணம்கூட இல்லை. அது போதுமென்றால் எனக்கும் நிம்மதிதான்.

வரும் வியாழக்கிழமை தரைக்குக் கான்கிரீட் போட நாள் குறித்து, மிக்சர் வண்டிக்கு 5,000 அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. அதற்குள் யாராவது அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது. ஏஜென்ட் சொல்வது நடக்கக்கூடியதா? நானே விண்ணப்பித்தால் முடியுமா?

நாமக்கல்_பாடி_பில்டர் எழுதியது:

எங்கள் பைபாஸில் முப்பது பட்டறை இருக்கிறது. இருபத்தெட்டில் அந்தப் பேப்பர் கிடையாது. யாரும் வந்து கேட்டதும் இல்லை. கடனுக்காக வேண்டுமென்றால் ஏஜென்டிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள். ரொம்ப யோசித்தால் பட்டறை திறக்க முடியாது.

பழைய_ஸ்பேனர் எழுதியது:

தம்பி, முதலில் மிக்சர் வண்டிக்காரருக்குப் போன் செய்து வியாழக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். 5,000 போனால் போகட்டும். மீதியை அப்புறம் படியுங்கள்.

நாமக்கல் நண்பர் சொல்வது பொய்யில்லை. யாரும் வந்து கேட்கமாட்டார்கள், பக்கத்துக் காட்டுக்காரர் மனு எழுதும் நாள் வரைக்கும். எனக்கு அந்த நாள் 2017 தீபாவளிக்கு அடுத்த வாரம் வந்தது.

ஈரோடு மாவட்டத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு ஆடியில்தான் திறந்தேன். உங்கள் ஏஜென்ட் பேசும் அதே வசனத்தை எனக்கும் ஒருவர் பேசினார், நானும் தலையாட்டினேன். ஆறு அங்குலத் தரை, பின்பக்கம் பார்த்த சரிவு, கடைசியில் மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி. 'ஆயில் டிராப்' என்று அதற்குப் பெயர் வேறு வைத்துக்கொண்டோம். வாஷ் போடும் இடத்துக்குக் கூரை இல்லை. முதல் மழை ஒரே இரவில் கொட்டியது. முற்றத்துத் தண்ணீர் முழுவதும் சரிவில் இறங்கி அந்தக் குழிக்குள் புகுந்து, நாலு மாதமாக அங்கே மிதந்த எண்ணெயை அப்படியே தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் மஞ்சள் காடு.

காலையில் காட்டுக்காரப் பெரியவர் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. கையில் ஒரு பித்தளைச் சொம்பு. பாத்தியில் மொண்ட தண்ணீர். என் பில் புத்தகத்துக்கு மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சொம்பின் வாய் முழுக்க நீலமும் ஊதாவுமாக ஒரு படலம். விரலால் தள்ளினால் விலகி, எடுத்தவுடன் திரும்ப ஒட்டிக்கொண்டது. அடுத்த திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அங்கே மனு கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் சொம்போடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

பிறகு நோட்டீஸ் வந்தது, இசைவாணை இல்லாமல் இயக்கியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று. ஏஜென்டின் போன் அன்றிலிருந்து எடுக்கப்படவில்லை. தண்ணீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் மின் இணைப்பையே துண்டிக்கச் சொல்லி உத்தரவு போட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அபராதம் கட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். கம்ப்ரசர், லிஃப்ட், வாஷ் பம்ப் மூன்றும் மின்சாரம் இல்லாமல் வெறும் இரும்பு. நானே வாஷை நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, ஆறு அங்குலக் கான்கிரீட்டை பிரேக்கர் வைத்து உடைத்து, மறுபடியும் குழி தோண்டினேன். உடைக்க ஆன கூலி போட்ட கூலியைவிட அதிகம். உங்கள் வியாழக்கிழமையைப் பற்றி எனக்கு இவ்வளவு பதற்றம் ஏன் என்று இப்போது புரியும்.

சட்டத்தை ரொம்ப நீட்டாமல் சொல்கிறேன். 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம் 25ஆம் பிரிவு, 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டம் 21ஆம் பிரிவு. இரண்டின் கீழும் கட்டும் முன் நிறுவுவதற்கான இசைவாணை, ஓட்டும் முன் இயக்குவதற்கான இசைவாணை. ஏஜென்ட் 'ஒரே தடவை' என்று சொல்வது, முதல் பாதியை மீறிவிட்டு இரண்டாம் பாதிக்குப் போய் நிற்பது. உத்யம் என்பது நீங்கள் சிறுதொழில் செய்பவர் என்பதற்கான அடையாள அட்டை. உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்று அது கேட்பதே இல்லை. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அடுத்து நிறம். தொழில்களை மாசின் அளவை வைத்து 2016-இல் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிரித்தது. அந்தப் பட்டியலில் வாகன சர்வீஸ் ஆரஞ்சு. பெட்ரோல் மட்டும் ஊற்றும் பங்க் பச்சை. கையால் தொட்டால் கறுப்பாவது நம் தொழில்தானே, நியாயம்தான். வெள்ளைக்கு இசைவாணையே வேண்டாம் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. அந்தச் செய்தியைக் காட்டி 'உங்களுக்கும் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வாஷ் வைத்த பட்டறை வெள்ளை ஆகாது. 2025 தொடக்கத்தில் பட்டியலை மறுபடி திருத்தினார்கள். அதனால் விண்ணப்பிக்கும் அன்று வாரிய இணையதளத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்து நிறத்தை நிரப்புங்கள், என் காலத்துப் பட்டியலைப் பார்த்து வேண்டாம்.

நீங்களே விண்ணப்பிக்கலாம். எல்லாம் இணையத்தில்தான். குத்தகைப் பத்திரம், நிலப் பயன்பாட்டுச் சான்று, கட்டட வரைபடம், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்து எத்தனை லிட்டர் எங்கே விடுகிறீர்கள் என்ற கணக்கு, ஆடிட்டர் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்று. கட்டணம் அந்த மதிப்பை வைத்துத்தான். தேய்மானம் கழிக்காத மதிப்பு, அதை மறந்துவிடாதீர்கள். என் ஆடிட்டர் கழித்துப் போட்டார், திரும்பி வந்தது.

இவை எல்லாவற்றையும்விட இழுத்தடிப்பது டோப்போ ஸ்கெட்ச். உங்கள் இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் படம். வீடு, பள்ளிக்கூடம், கோயில், குளம், ஓடை, விவசாய நிலம், எதையும் விடக்கூடாது. வறண்ட ஓடைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஓடை ஓடைதான்.

இனி வாஷ் தண்ணீர் வந்து சேரும் குழி. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மூன்று அறை. முதல் அறையில் மண் தங்கட்டும். அதைப் பெரிதாகக் கட்டுங்கள். மார்க்கெட் வண்டிகள் என்கிறீர்கள், ஒரு மினி லாரியின் மட்கார்டில் மட்டும் இரண்டு சட்டி செம்மண் இருக்கும். இரண்டாவது அறையில்தான் எண்ணெய் மேலே ஏறும். இங்கே கொத்தனார் தவறு செய்வார், கட்டாயம் செய்வார்: மூன்றாம் அறைக்குப் போகும் குழாயை மேல் மட்டத்தில் நேராக வைத்துவிடுவார். அப்படி வைத்தால் முதலில் தாண்டிப் போவது எண்ணெய்தான். குழாயின் வாயில் ஓர் எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) மாட்டி, அதன் முனை தண்ணீருக்குள் முக்கால் ஆழம் இறங்கும்படி வையுங்கள். அடித் தண்ணீர் ஏறிப் போகும், எண்ணெய் மேலேயே நிற்கும். ஐம்பது ரூபாய் எல்போ. அது இல்லாததால் எனக்கு எவ்வளவு செலவு என்று மேலே எழுதிவிட்டேன்.

வாஷ் மேடைக்குக் கூரை. மேடையைச் சுற்றி நாலு அங்குலத்துக்கு ஒரு வரம்பு, வண்டி ஏறி இறங்கும்படி வழவழப்பாக. மழைத் தண்ணீர் தனி வாய்க்காலில் போக வேண்டும், குழிப் பக்கமே வரக்கூடாது. இந்தக் கூரையையும் வரம்பையும் வரைபடத்திலேயே காட்டுங்கள். ஆய்வுக்கு வந்தவர் என் இரண்டாவது வரைபடத்தைப் பார்த்து முதலில் கேட்டதே மழைத் தண்ணீரைப் பற்றித்தான்.

நாலு மாதத்தில் இசைவாணை தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் தந்ததாகக் கொள்ளலாம் என்று தண்ணீர்ச் சட்டம் 25ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவில் இருக்கிறது. யாராவது அதைச் சொல்லித் தைரியம் கொடுப்பார்கள். வங்கி மேலாளரிடம் உட்பிரிவு எண்ணைக் காட்டிக் கடன் வாங்கிப் பாருங்கள்.

ஒட்டன்சத்திரம்_டிப்ளமா எழுதியது:

அண்ணா, நன்றி. வியாழக்கிழமையை நிறுத்திவிட்டேன். மிக்சர்காரர் 5,000-ஐத் திருப்பித் தர மாட்டேன், அடுத்த தடவை கழித்துக்கொள்கிறேன் என்றார். ஏஜென்டிடம் நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். "வாரிய ஆபீஸில் உங்களை யார் மதிப்பார்கள்" என்று கேட்டார். திண்டுக்கல்லில் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு நேற்றுப் போனேன். உட்காரச் சொல்லி, என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இன்னும் சில கேள்விகள். பழைய எண்ணெயை எடுக்க ஒருவர் இப்போதே வந்து பேசிவிட்டுப் போனார், பேரலுக்கு ரொக்கம் தருவதாக. அவருக்குக் கொடுக்கலாமா? ஜெனரேட்டருக்குப் புகைக்குழாய் எவ்வளவு உயரம்? ஷெட் 18 அடி. அப்புறம், வாஷுக்கு டீசலும் சோப்பும் கலந்து அடிப்பதுதான் எங்கள் பக்கம் பழக்கம். சேஸிஸ் அப்போதுதான் பளபளப்பாகும். அதில் ஏதும் தடை உண்டா?

கண்ணாடிப்_புட்டி எழுதியது:

டீசல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் கழிவுநீர் மாதிரிகளைச் சோதித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பட்டறை மாதிரி வந்தால் மூடியைத் திறக்கும் முன்பே மணத்தில் தெரிந்துவிடும்.

ஸ்பேனர் ஐயா சொன்ன மூன்று அறை முறை எண்ணெய் மிதக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. டீசலும் சோப்பும் கலந்து அழுத்தத்தில் அடித்தால் எண்ணெய் மிதக்காது, பொடிப்பொடித் துளியாகத் தண்ணீருக்குள் கலந்துவிடும். தண்ணீர் பால் போல வெளுத்துத் தெரியும். அந்தப் பால் மூன்று அறையையும் தாண்டி, எல்போவையும் தாண்டி, வெளியே வந்துவிடும். மேலே படலமே இருக்காது, அதனால் சுத்தம் என்று நினைப்பீர்கள். என்னிடம் வந்தபோது அப்படிப்பட்ட ஒரு மாதிரியில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 140 மில்லிகிராம் இருந்தது. நீர்நிலைக்கோ பாசனத்துக்கோ விட வேண்டுமானால் 10-க்குள் இருக்க வேண்டும், பாதாளச் சாக்கடைக்கு என்றால் 20. டீசலை விட்டுவிடுங்கள். கிரீஸ் கெட்டியாக இருக்கும் இடத்தைச் சுரண்டித் துணியால் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் முதல் அடி அடியுங்கள். ஷாம்பு போடும் தண்ணீரைக் கூடுமானால் வேறு அறையில் ஓர் இரவு நிற்கவிடுங்கள்.

மாதிரி எடுப்பதில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் குளிர்பானப் புட்டியில் பிடித்துக்கொண்டு வருவார்கள். எண்ணெய் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் புட்டியிலேயே தங்கிவிடும், முடிவு குறைவாக வரும், நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டியில்தான் எடுக்க வேண்டும். அதே தண்ணீரில் முன்கூட்டி அலசக் கூடாது. அமிலம் விட்டு பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 2-க்குக் கீழே கொண்டுவந்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியத்திலிருந்து வந்து எடுத்தால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சட்டப்படி மாதிரியை உங்கள் முன்னால் இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது பாதியை அரசு குறிப்பிட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பையனிடம் விட்டுவிட்டு வண்டி ஓட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.

அப்புறம் முதல் வேலையாக உங்கள் கிணற்றுத் தண்ணீரையே சோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் நீரில் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரைதான் இடம். 640 அடியில் வரும் தண்ணீரிலேயே 1,800 இருந்தால் அதைக் காட்ட ஒரு தாள் கையில் வேண்டும்.

பழைய_ஸ்பேனர் எழுதியது:

அம்மா சொன்னது எனக்கே புதிது. பால் மாதிரித் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன், ஷாம்பு நுரை என்று நினைத்துவிட்டேன். எத்தனை வருஷம்.

புகைக்குழாய்க்குக் கணக்கு எளிது. கட்டட உயரத்தோடு, கே.வி.ஏ.யின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வருவதைக் கூட்டுங்கள், மீட்டரில். 25-க்கு வர்க்கமூலம் 5, 0.2-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர். ஷெட் 18 அடி என்றால் ஐந்தரை மீட்டர். ஆக ஆறரை மீட்டர். வெல்டிங் உங்கள் பட்டறையிலேயே நடக்கும், செலவு குழாய்க்கு மட்டும்தான். பழைய ஜெனரேட்டர் என்கிறீர்களே, சத்தம் அடக்கும் பெட்டி அதோடு இருக்கிறதா பாருங்கள்.

பழைய எண்ணெய்க்காரரைப் பற்றி. அவர் ரொக்கம் கொடுப்பார், ரசீது கொடுக்க மாட்டார். எங்கே கொண்டுபோகிறார் என்று ஒரு தடவை அவர் பின்னாலேயே டூ வீலரில் போனேன், சும்மா ஓர் ஆர்வம்தான். பாதிப் பேரல் ஒரு வீடு கட்டும் இடத்தில் இறங்கியது. சென்ட்ரிங் பலகையில் சிமென்ட் ஒட்டாமல் இருக்கத் தேங்காய் நாரில் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தார்கள். பூசிய அம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. நான் கழற்றி விட்ட எண்ணெய். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும், நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் அவருக்கு அதன் பிறகு கொடுக்கவில்லை.

சட்டப்படி அது அபாயகரமான கழிவு. 2016 விதிகளின் முதல் அட்டவணையில் 5.1 என்ற எண். எண்ணெய் ஊறிய துணி, ஃபில்டர், குழியில் அள்ளும் கறுப்புச் சேறு 5.2. இசைவாணையோடு சேர்த்து இதற்குத் தனி அங்கீகாரம், படிவம் 1-இல் விண்ணப்பிக்க வேண்டும். இதை ஏஜென்ட் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டார். மாதம் நூறு சர்வீஸ், வண்டிக்கு மூன்றரை லிட்டர் என்றால் 350 லிட்டர், இரண்டு பேரலுக்குக் கொஞ்சம் குறைவு. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதனால் ஆறு பேரல் நிற்க இடம் வேண்டும். கூரை, வரம்பு, ஒவ்வொரு பேரலிலும் படிவம் 8-இன்படி ஒட்டிய லேபிள். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போனது என்று படிவம் 3-இல் நோட்டுப் போடுங்கள். ஜூன் 30-க்குள் போன நிதியாண்டின் கணக்கைப் படிவம் 4-இல் அனுப்ப வேண்டும். நான் முதல் வருடம் ஜூலையில் அனுப்பினேன், விளக்கம் எழுதினேன்.

எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் விற்க வேண்டும். இரண்டு பேரலுக்கு வண்டி அனுப்ப மாட்டேன் என்பார்கள். நாங்கள் பக்கத்துப் பட்டறைகள் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் வரச் சொல்கிறோம், அவரவர் ஆவணம் தனித்தனியாக. லிட்டருக்கு மூன்று ரூபாய் குறையும். சேறு கும்மிடிப்பூண்டியில் அபாயகரமான கழிவை ஏற்கும் மையத்துக்குப் போகிறது, அதற்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும். இதெல்லாம் சர்வீஸ் கட்டணத்தில் முதல் நாளே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிறகு ஏற்றினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார், நாமக்கல் நண்பர் மாதிரிக் கடைக்கு.

நாமக்கல்_பாடி_பில்டர் எழுதியது:

என்னை எதற்கு இழுக்கிறீர்கள்? எங்களிடம் வாஷ் கிடையாது, பாடி கட்டுவது மட்டும்தான். பெயின்ட் அடிப்போம், அவ்வளவுதான்.

பழைய_ஸ்பேனர் எழுதியது:

பெயின்டா? 2016 பட்டியலின் அந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். சர்வீஸ், ரிப்பேர், பெயின்ட் மூன்றும் ஒரே வரியில்தான் இருக்கின்றன.

ஒட்டன்சத்திரம்_டிப்ளமா எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நிறுவுவதற்கான விண்ணப்பம் போட்டு, ஒரு தடவை திரும்பி வந்து, மறுபடி போட்டிருக்கிறேன். திரும்பியதற்குக் காரணம் அண்ணன் சொன்ன அதே டோப்போ ஸ்கெட்ச். ஓடை 300 மீட்டர் என்று குத்துமதிப்பாகப் போட்டிருந்தேன். உதவிப் பொறியாளர் நேரில் வந்து போனிலேயே அளந்து பார்த்தார், 210. முருங்கைத் தோட்டத்துக்குள் இருக்கும் கன்னிமார் கோயிலையும் விட்டிருந்தேன். நாலு கல்தான், கூரைகூட இல்லை. அதையும் குறிக்கச் சொன்னார். சர்வேயரைக் கூட்டிவந்து சரியாக வரைந்து ஏற்றிவிட்டேன். குழிக்கு இடம் குறித்து நூல் கட்டியிருக்கிறேன். இசைவாணை கைக்கு வந்த பிறகுதான் தோண்டல். எல்போவை மட்டும் இப்போதே வாங்கி ஆபீஸ் மேசையில் வைத்திருக்கிறேன், கொத்தனார் வரும்போதெல்லாம் கண்ணில் படும்படி.

வங்கி மேலாளர் விண்ணப்ப எண்ணை வாங்கி வைத்துக்கொண்டார். "இந்தப் பேப்பர்தான்" என்றார்.

ஒரு புதுக் கேள்வி. நூல் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு முருங்கைத் தோட்டத்துக்காரர் வந்தார். என்ன ஏது என்று விளக்கினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "மூன்றாவது தொட்டித் தண்ணீரை என் பக்கம் விடுவாயா? கோடையில் மரம் காய்கிறது" என்று கேட்கிறார். நாளைக்கு 1,500 லிட்டர் வரும். கொடுக்கலாமா?

கண்ணாடிப்_புட்டி எழுதியது:

இப்போது வாக்குக் கொடுக்காதீர்கள். நிலத்துக்கு விடும் நீருக்குத் தனி வரம்பு இருக்கிறது: லிட்டருக்கு மில்லிகிராமில் எண்ணெய் 10, கரையாமல் நீரில் கலந்து நிற்கும் திடப்பொருள் 200, பி.ஓ.டி. (நீரில் உள்ள கரிம அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 100. கழிவுநீர் எங்கே போகிறது என்பது இசைவாணையிலேயே எழுதப்படும். தோட்டம் என்று அதில் இல்லாமல் ஒரு வாளி கொடுத்தாலும் மீறல்தான். ஓட்ட ஆரம்பித்த பின் முதல் மூன்று மாதம் வண்டி கழுவவே அந்தத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துங்கள், மாதம் ஒரு மாதிரி சோதியுங்கள். மூன்று அறிக்கையும் வரம்புக்குள் வந்தால் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உப்புத் தண்ணீரை முருங்கை எவ்வளவு தாங்கும் என்பதை அவரிடமே கேளுங்கள், அது என் பாடமில்லை.